பனியில மாட்டிக்கிட்ட நாளும் ஆண்டிபட்டி ஓட்டும்

நேத்து ராத்திரி ஆரம்பிச்ச பனி இன்னும் நிக்கல. நியூ ஜெர்சியில ரெண்டாவது மாடி ஜன்னல்ல இருந்து பார்த்தா, போடி பக்கம் இலவம்பஞ்சு வெடிச்சுப் பறக்குற மாதிரியே இருக்கு. காரைக் காணோம், ஒரு வெள்ளை மேடுதான் தெரியுது. ஆபீஸ் லீவு. மூணாவது காபி. வேற வேலை? ஊரை நினைக்கிறதுதான்.

எனக்கு ஊரு ஆண்டிபட்டி. இங்கிருந்து கார்ல கொஞ்ச தூரத்துலதான் புரூக்ளின். இந்த ரெண்டு ஊருக்கும் ஒரு தொடர்பு இருக்கு மக்களே, யோசிச்சுப் பாருங்க... ஆமா, அதேதான்.

1984 அக்டோபர்ல முதல்வர் எம்.ஜி.ஆர். உடம்புக்கு முடியாம சென்னை அப்போலோவுல சேர்ந்தார். அதே மாசம் 31ஆம் தேதி இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். நவம்பர்ல எம்.ஜி.ஆரை விமானத்துல புரூக்ளின் டவுன்ஸ்டேட் மருத்துவமனைக்குக் கொண்டு போனாங்க. டிசம்பர்ல அவரோட அண்ணன் மகள் லீலாவதி கொடுத்த சிறுநீரகத்தைப் பொருத்தினாங்க. அதே டிசம்பர் 24ல தமிழ்நாட்டுல தேர்தல். வேட்பாளர் தொகுதிப் பக்கமே வரல. தொகுதி? நம்ம ஆண்டிபட்டி! அப்போ தேனி மாவட்டமே கிடையாது, மதுரை மாவட்டம்தான்.

அப்பத்தா இந்தக் கதையை நூறு தடவை சொல்லியிருக்கும். "அவரு இருக்காரா இல்லையான்னே ஊருல பேச்சுடா" என்கும். அந்தச் சந்தேகத்தை உடைக்கத்தான் ஆஸ்பத்திரியில எம்.ஜி.ஆர். இருக்கும் காட்சிகளைப் படமாக்கி ஊர் ஊராப் போட்டுக் காட்டினாங்க. திரையில பார்த்தே பழகின ஜனத்துக்கு, அவர் உயிரோட இருக்கார்ங்கிற சாட்சியும் திரையிலதான் வந்துச்சு. எங்கப்பாவுக்கு அப்போ 17 வயசு. ஓட்டு கிடையாது (அப்போ 21 ஆகணும், 18 ஆனது 1989லதான்). ஆனா கொடி புடிக்க வயசு பார்ப்பாங்களா என்ன :-)

அங்க காலை 8 மணின்னா புரூக்ளின்ல முந்தின நாள் ராத்திரி 9.30. அப்பத்தா வரிசையில நின்னப்போ அவர் தூங்கிக்கூட இருக்கலாம். 30,000 ஓட்டுக்கு மேல வித்தியாசத்துல ஜெயிச்சார். 234ல அ.தி.மு.க.வுக்கு மட்டும் 132. 1985 பிப்ரவரி 4ல ஊர் திரும்பி, 10ஆம் தேதி பதவியேற்றார்.

இதை 'அனுதாப அலை'ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுடுவாங்க. அனுதாபம் இருந்துச்சு, இல்லைன்னு சொல்லல. இந்திரா மரணம், காங்கிரஸ் கூட்டணி, ரெண்டும் சேர்ந்துச்சு. அவருக்கும் இது புதுசில்ல. 1967ல எம்.ஆர்.ராதா சுட்டப்போ, கழுத்துக் கட்டோட ஆஸ்பத்திரியில இருந்துக்கிட்டே பரங்கிமலையில ஜெயிச்சவர்தான். ஆனா "வராத ஆளுக்கு ஏன் அப்பத்தா போட்ட?"ன்னு நான் கேட்டதுக்கு அது சொன்ன பதில் வேற. "வந்துருவாருன்னுதேன் போட்டேன். போடலைன்னா வரமாட்டாருன்னு தோணுச்சு."

இன்ஜினியரிங் படிச்ச மண்டைக்கு இது காரண காரியமே இல்லாத பேச்சு. அப்போ சிரிச்சேன். தொகுதிக்கு அவரால என்ன கிடைக்கும்னு கணக்குப் போட்ட ஓட்டு இல்ல அது. அது சரியான்னு கேட்டா, ஜனநாயகத்துல சரியில்லைன்னுதான் இப்பவும் சொல்வேன். கேள்வி கேக்காம நம்புற ஊரை யாரும் சுலபமா எடுத்துக்கலாம். வந்தவர் முழு ஆரோக்கியத்துக்குத் திரும்பவே இல்ல. சரியா மூணு வருசம் கழிச்சு, 1987ல அதே டிசம்பர் 24ல போயிட்டார்.

ஆனா இன்னைக்குக் காலையில அப்பா போன்ல, "மாடி ரூமுக்கு வெள்ளையடிச்சு வச்சிருக்கேன், நீ வந்தா இருக்கட்டும்"னார். வர்றேன்னு நான் சொல்லவே இல்ல. மூணு வருசமா சொல்லல.

அப்பத்தா இப்ப இல்ல. அது போட்ட ஓட்டு எப்படிப்பட்டதுன்னு இப்பத்தான் கொஞ்சம் புரியுது. பனி நின்னதும் டிக்கெட் விலை பார்க்கணும்.