மர்மநாவலும் மலேசியத் தமிழ் வாசகரும்

தீபாவளி விடுமுறையில் படிக்க மர்மநாவல் தேடிப் பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ புத்தகக்கடைக்குச் செல்லும் வாசகர், நூறாண்டு கடந்த வாசிப்பு மரபொன்றைச் சேர்ந்தவர். நம் இலக்கிய வரலாறுகள் அவரைப் பெரிதாகப் பொருட்படுத்தியதில்லை.

பண்டித நடேச சாஸ்திரியின் ‘தானவன்’ (1894) தமிழ்த் துப்பறியும் கதைக்கு வழிகோலிற்று. ஜே.ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ (1908), துப்பறியும் கோவிந்தனைப் புகழ்பெறச் செய்தது. ஆரணி குப்புசாமி முதலியார் ரெயினால்ட்ஸ் முதலியோரைத் தழுவி எழுதினார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் 1950இல் திரைக்கும் வந்தார். சென்னையில் அச்சான இத்தகைய நூல்கள், ஆட்களோடும் சரக்கோடும் கப்பலேறிப் பினாங்கிலும் கிள்ளானை அடுத்த சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் இறங்கின.

இவற்றின் செல்வாக்கை மதிப்பிடுவதில் எச்சரிக்கை வேண்டும். மலாயாவின் முதல் தமிழ் நாவலாகக் கொள்ளப்பெறும் க. வெங்கடரத்தினத்தின் ‘கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி’ (1917) இரட்டைத் தலைப்புடையது. அது ஒன்றையே கொண்டு மர்மநாவலின் சாயல் எனத் துணிதல் பொருந்தாது. ராஜமையரின் கமலாம்பாள் சரித்திரமும் அவ்வாறே தலைப்புப் பெற்றது.

தலைப்பினும் வலிய சான்று, படித்துத் தேய்ந்த பிரதிகளே. தமிழ்வாணனின் சங்கர்லாலும், பின்னர் ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர் ஆகியோரின் மாத நாவல்களும் மலிவுத்தாளில் வந்தவை. படித்தபின் பழைய தாளோடு போனவையே மிகுதி. எஞ்சியவற்றின் முதற்பக்கத்தில் உள்ள கடை முத்திரையும் இரவல் வாங்கியவர் கையெழுத்தும் ஆய்வாளருக்குக் கதையினும் பயன்தருவன. பிரிக்பீல்ட்ஸில் ‘நூறு குவாட்டர்ஸ்’ எனப்பட்ட இரயில்வே ஊழியர் வீடுகள் இருந்தன. அங்கு வாழ்ந்தோரிடம், எந்த நாவல் எவர் கைக்கு மாறிற்று என்று இன்றும் கேட்டறியலாம்.