ஓரினக் கவர்ச்சியும் வேற்றினக் கவர்ச்சியும்

ஒரு பொருளின் மூலக்கூறுகள் தம்முள் ஒன்றையொன்று ஈர்த்து நிற்பது ஓரினக் கவர்ச்சி (பிணைவு) எனப்படும். ஒன்றையொன்று தொடும் இரு வேறு பொருட்களின் மூலக்கூறுகளுக்கு இடையிலான ஈர்ப்பு வேற்றினக் கவர்ச்சி (ஒட்டல்) எனப்படும். நீர்த்துளி உருண்டு திரள்வதற்கு முன்னது காரணம். அத்துளி சன்னல் கண்ணாடியில் தங்கி நிற்பதற்குப் பின்னது காரணம். ஒரு பசையின் வலிமை இவ்விரண்டில் எது குறைவோ அதனைப் பொறுத்தது.

நீரும் பாதரசமும்

கண்ணாடியின் மேற்பரப்பில் சிலிக்கானுடன் இணைந்த ஐதராக்சைல் தொகுதிகள் உள்ளன. நீர் மூலக்கூறுகள் இவற்றுடன் ஐதரசன் பிணைப்புகளை ஏற்படுத்துகின்றன. எனவே தூய கண்ணாடிக் குழாயில் நீர் சுவரைப் பற்றி ஏறும். அதன் மேற்பரப்பு குழிந்து காணப்படும். பாதரச அணுக்களோ உலோகப் பிணைப்பினால் தம்முள் வலுவாகப் பிணைந்துள்ளன. ஆகவே பாதரசம் குழாயினுள் தாழ்ந்து, குவிந்து நிற்கிறது. அறை வெப்பநிலையில் நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு ஏறத்தாழ 0.072 நியூட்டன், பாதரசத்தினது ஏறத்தாழ 0.48 நியூட்டன்.

பசை ஒட்டும் விதம்

மூலக்கூறுகளுக்கு இடையிலான வான் டெர் வால்ஸ் விசை ஒரு நானோமீட்டருக்கு அப்பால் விரைவில் நலிந்துவிடும். வழவழப்பாகத் தெரியும் பரப்பும் அந்த அளவில் மேடுபள்ளம் நிறைந்ததே. இரு திண்மங்களை அழுத்தினால் அவை சில முகடுகளில் மட்டுமே தொடும். அதனால் பசை முதலில் நீர்மமாகப் பரவி இடுக்குகளை நனைக்க வேண்டும். பின்னர் இறுக வேண்டும். மிதிவண்டி டியூபில் பஞ்சர் ஒட்டுபவர் உப்புத்தாளால் தேய்ப்பது அழுக்கையும் பழைய மேற்படலத்தையும் நீக்கவே. கரைசலைத் தடவியபின் அவர் காத்திருப்பது கரைப்பான் ஆவியாவதற்காக.

பிய்ந்த இணைப்பைப் பார்த்தே குறை எதுவெனக் கூறலாம். பசை முழுவதும் ஒரு பக்கத்தில் இருந்து, மறுபக்கம் வெறுமையாக இருந்தால் ஒட்டல் தோற்றது. இருபக்கமும் பசை படிந்திருந்தால் பசையே உள்ளே கிழிந்தது. முன்னதே அஞ்சத்தக்கது. பசையின் வலிமையை முன்கூட்டியே சோதித்துக்கொள்ளலாம். பரப்பின் தூய்மையோ ஒவ்வொரு முறையும் ஒட்டுபவரின் கையில் உள்ளது.

அலோகா வானூர்தி விபத்து

அலுமினியத்தின் மேல் எப்போதும் ஓர் ஆக்சைடுப் படலம் உண்டு. இப்படலம் எப்பாக்சிப் பசையைவிட நீரையே மிகுதியாக ஈர்க்கும். ஈரம் புகுந்தால் பசை மெல்ல விலக்கப்படும். 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளில் ஹிலோவிலிருந்து ஹொனலுலுவுக்குச் சென்ற அலோகா ஏர்லைன்சு 243 ஆம் பறப்பின் முன்பகுதிக் கூரை, ஏறத்தாழ 24,000 அடி உயரத்தில் பிய்ந்து போனது. பணிப்பெண் ஒருவர் வெளியே இழுக்கப்பட்டு இறந்தார். எஞ்சிய 94 பேருடன் அந்தப் போயிங் 737 மாவி தீவில் தரையிறங்கியது.

அதன் உடற்தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்களில், எப்பாக்சி தோய்த்த மெல்லிய துணியும் தறையாணிகளும் (ரிவெட்டுகள்) இணைப்பைத் தாங்கின. அத்துணியைப் பயன்படுத்தும்வரை குளிரில் வைக்க வேண்டும். வெளியே எடுத்ததும் அதன்மேல் ஈரம் படியக்கூடும். பல இடங்களில் பசை சரியாகப் பற்றவில்லை. அரிப்பும் சேர, பசை தாங்க வேண்டிய சுமை தறையாணித் துளைகளின் விளிம்புக்கு மாறியது. 89,680 பறப்புகளின் அழுத்த ஏற்ற இறக்கங்களில் உலோகம் சோர்ந்து, அங்கு நுண்வெடிப்புகள் வளர்ந்து ஒன்றுசேர்ந்தன. பசை விலகியதையும் வெடிப்புகளையும் பராமரிப்பின்போது கண்டறியத் தவறியதே காரணம் என அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1989 இல் கூறியது. போயிங் நிறுவனம் இவ்வகை இணைப்பை 1972 இலேயே கைவிட்டிருந்தது. விபத்துக்குள்ளான வானூர்தி 1969 இல் செய்யப்பட்டது.