தப்புக்கு ஏது பெயர்ச்சீட்டு?

பழைய கிட்டார் வாங்குகிறவர் முதலில் அதன் வயிற்றுக்குள் எட்டிப் பார்ப்பார், நேயர்களே. செய்தவரின் பெயர்ச்சீட்டு அங்கேதான் இருக்கும். இன்றைய கிட்டாருக்கு உருவம் தந்த ஸ்பானியத் தச்சர் அந்தோனியோ தொர்ரெஸும் (1817-1892) அப்படித்தான் அச்சிட்டு ஒட்டினார். சீட்டு இருந்தால் வாத்தியத்துக்கு வரலாறு உண்டு, விலையும் உண்டு.

மாத்தளைத் தோட்டங்களில் முழங்கிய தப்புக்குச் சீட்டு ஏது? மாத்தளைக்கு ரயில் வந்தது 1880இல். அதற்கு முன்னரே கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் கூட்டினார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியே காட்டுப்பாதையில் நடந்தவர்கள் அவர்கள். வழியில் மடிந்தோர் பலர். அந்த மக்களின் வாத்தியம் இது. வட்ட மரச்சட்டத்தில் தோலை இழுத்து ஒட்டி, தீயில் காய்ச்சுவார்கள். சூடேறினால்தான் குரல், ஆறினால் தொய்ந்துவிடும், மறுபடி தீ மூட்டவேண்டும். விடியலில் பெரட்டுக்கு அழைத்ததும், மாசியில் காமன் கூத்துக்கு ஆடவைத்ததும், இழவு வீட்டில் அழவைத்ததும் இந்தத் தப்புத்தான்.

தோல் கிழிந்தால் மாற்றலாம். சட்டம் மகனுக்குப் போகும். அதில் செய்தவன் பெயர் இல்லை. அடித்தவனுக்கோ சாதிப்பெயர் மட்டுமே மிஞ்சியது. அந்தச் சுமை தாளாமல் தப்பைக் கைவிட்டவர்களும் உண்டு. அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது.

உங்கள் காம்பராவில் பழைய சட்டம் ஏதும் கிடந்தால், அது அடுப்புக்குப் போகுமுன், யார் செய்தது என்று வீட்டுப் பெரியவரிடம் கேட்டு, அதன் உட்புறத்தில் எழுதி வையுங்கள்.