மூழ்கிய கப்பல் மீண்டும் மிதந்தது

தாயம் ஆடும் இடத்தில் எழும் சச்சரவுகளை நீங்கள் நன்கு அறிவீர்கள். பாயை விட்டு உருண்டு போன தாயக்கட்டை செல்லுமா, செல்லாதா? வெட்டுப்பட்டவர் எங்கிருந்து மறுபடியும் தொடங்குவது? இப்படிப்பட்ட கேள்விகளுக்கு ஆட்டம் தொடங்கும் முன்பே விடை சொல்லி வைத்துக்கொண்டால் ஆட்டம் ஒழுங்காக நடக்கும். பாதி ஆட்டத்தில், அதுவும் தோற்பவருக்குச் சாதகமாக விதியை மாற்றினால் ஆட்டம் கெடும். கெடுவது ஆட்டம் மட்டும்தானா? 1942ஆம் ஆண்டு நிகழ்ச்சிகள் சிலவற்றைப் பார்த்துவிட்டு இக்கேள்விக்கு விடை காண்போம். அவற்றுள் சில நம் தெற்குக் கடற்கரைக்கு எதிரே நடந்தவை.

உவரிக்கு எதிரே ஒரு போர்க்களம்

திருநெல்வேலி மாவட்டத்தின் கடலோர ஊர் உவரி. சுயம்புலிங்க சுவாமி கோயிலும் கப்பல் வடிவில் எழுப்பிய மாதா கோயிலும் அங்கே புகழ் பெற்றவை. உவரிக் கரையிலிருந்து தென்கிழக்காக ஒரு நேர்கோடு இழுத்தால் சுமார் 260 கிலோமீட்டர் தொலைவில் கொழும்புத் துறைமுகத்தைத் தொடும். சென்னையைவிடக் கொழும்பே அவ்வூருக்கு அருகில் உள்ளது.

உலகப் போரைப் பலகைமீது ஆடும் விளையாட்டுகள் சில உண்டு. அவற்றுள் ஒன்று ‘ஆக்சிஸ் அண்டு அலைஸ்’. லாரி ஹாரிஸ் என்ற அமெரிக்கர் உருவாக்கியது. 1981இல் முதலில் வெளிவந்து, 1984இல் மில்டன் பிராட்லி நிறுவனத்தின் வெளியீடாகப் பரவியது. இந்த ஆட்டம் தொடங்கும் காலம் 1942ஆம் ஆண்டின் இளவேனில். ஒருபுறம் ஜெர்மனி, ஜப்பான். மறுபுறம் சோவியத் நாடு, பிரிட்டன், அமெரிக்கா. பலகையில் இந்தியா ஒரே வண்ணத் துண்டு. பிரிட்டனாக ஆடுபவரின் கையில் இருப்பது.

பிரிட்டனாக ஆடுபவர் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி: இந்தியாவில் ஒரு தொழிற்சாலை கட்டலாமா? அதன் விலை 15. ஒரு காலாட்படைக் காயின் விலை 3. ஆகவே, தொழிற்சாலைக்குப் பதிலாக ஐந்து காலாட்படைகள் வாங்கலாம். கட்டினால் படைகள் இந்தியாவிலேயே பிறக்கும். ஆனால் அதற்குள் ஜப்பான் வந்து பிடித்துவிட்டால் தொழிற்சாலையும் அவர்களுக்கே. கட்டுவதா, கைவிடுவதா என்று ஆட்டக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் விவாதித்துள்ளனர். உண்மையான 1942இல் என்ன நடந்தது? அதைக் காணுமுன் இந்த ஆட்டங்களின் வரலாற்றைச் சற்று நோக்குவோம்.

ஆடுபுலியிலிருந்து பிரஷ்யா வரை

போரை விளையாட்டாக்கிப் பார்ப்பது நமக்குப் புதிதன்று. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையே சதுரங்கம். நம் கோயில் மண்டபத் தரைகளில் ஆடுபுலிக் கட்டங்கள் கீறப்பட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். 23 புள்ளிகள், மூன்று புலிகள், 15 ஆடுகள். சதுரங்கத்தில் இருபுறமும் சமபலம். ஆடுபுலியில் அப்படியில்லை. புலிக்கு வலிமை உண்டு, எண்ணிக்கை இல்லை. ஆட்டுக்கு எண்ணிக்கை உண்டு, வெட்டும் உரிமை இல்லை. புலியை நகரவிடாமல் அடைப்பதே ஆட்டின் வெற்றி. உண்மைப் போர்களில் பெரும்பாலானவை சதுரங்கத்தைவிட ஆடுபுலியையே ஒத்திருக்கின்றன.

இவ்விரண்டிலும் ஒரு குறை உண்டு. எதிரியின் காய்கள் அனைத்தும் நம் கண்முன் இருக்கின்றன. போர்க்களத்தில் அப்படி இருக்குமா? இக்குறையை நீக்கியவர்கள் பிரஷ்ய நாட்டு ரைஸ்விட்ஸ் குடும்பத்தார். தந்தை தொடங்கியதை மகன் செம்மைப்படுத்தி 1824இல் விதிநூலாக வெளியிட்டார். ‘கிரீக்ஸ்ஷ்பீல்’, அதாவது போர் விளையாட்டு என்று பெயர். கட்டங்களுக்குப் பதில் உண்மையான நிலப்படம். ஒரு நகர்வு என்பது இரண்டு நிமிடப் போர். இரு தரப்பினரும் தத்தம் கட்டளைகளை நடுவரிடம் தருவர். யாருக்கு எது தெரியவேண்டுமோ அதை மட்டும் நடுவர் தெரிவிப்பார். சுட்ட குண்டு பட்டதா இல்லையா என்பதைப் பகடை முடிவு செய்யும். பிரஷ்யப் படைத் தலைமை இதைக் கண்டு வியந்து, படைப்பிரிவுகளுக்குப் பரிந்துரைத்தது.

பின்னர் ஒரு சிக்கல் எழுந்தது. விதிகளும் அட்டவணைகளும் பெருகிப்போயின. ஒரு நகர்வுக்கு விடை காண நெடுநேரம் பிடித்தது. 1876இல் வெர்டி டு வெர்ன்வா என்ற தளபதி, அட்டவணைகளை ஒதுக்கிவிட்டு அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பையே ஏற்கலாம் என்றார். ஆட்டம் விரைவாயிற்று. ஆனால் அந்த நடுவரே ஒருபக்கம் சாய்ந்தால் என்ன செய்வது?

பகடை சொல்லும் கணக்கு

பகடை என்றால் குருட்டு அதிர்ஷ்டம் என்று எண்ண வேண்டாம். ‘ரிஸ்க்’ என்னும் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். அல்பேர் லாமொரிஸ் என்ற பிரெஞ்சுத் திரைப்பட இயக்குநர் உருவாக்கி 1957இல் வெளிவந்தது. தாக்குபவர் ஒரு பகடை, காப்பவர் ஒரு பகடை உருட்டுவதாகக் கொள்வோம். பெரிய எண் வெல்லும். இரண்டும் சமமானால் காப்பவருக்கே வெற்றி. இரு பகடைகள் விழும் வகைகள் 36. அவற்றுள் சமமாக விழுபவை 6. மீதி 30இல் ஆளுக்குப் பாதி, 15. ஆகவே தாக்குபவர் வெல்லும் வாய்ப்பு 36க்கு 15, காப்பவருக்கு 21. ‘சமம் காப்பவருக்கு’ என்ற ஒரு சிறிய விதி தாக்குதலையே நட்டமாக்கிவிட்டது, பார்த்தீர்களா?

இப்போது தாக்குபவர் மூன்று பகடை, காப்பவர் இரண்டு பகடை உருட்டட்டும். வகைகள் 7,776. பெரியதற்குப் பெரியது, அடுத்ததற்கு அடுத்தது என ஒப்பிட வேண்டும். காப்பவர் இரு படைகளையும் இழப்பது 2,890 வகைகளில்; ஆளுக்கொன்று இழப்பது 2,611 வகைகளில்; தாக்குபவர் இரண்டையும் இழப்பது 2,275 வகைகளில். தராசு இப்போது தாக்குபவர் பக்கம் சாய்ந்துவிட்டது. ஆகவே, பெரும்படையோடு தாக்கு, சிறுபடையோடு காத்திரு என்ற உத்தி அந்த விதிகளிலிருந்தே பிறக்கிறது. விதியை மாற்றினால் உத்தியும் மாறும்.

மேசைமீது இலங்கை

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதே மாதம் ஜப்பானியக் கூட்டுக் கடற்படையின் தலைமைக் கப்பலான ‘யமாட்டோ’வில் அதிகாரிகள் கூடிப் போர் விளையாட்டு ஒன்றை நடத்தினர். பிரிட்டிஷ் கடற்படையை அழித்து இலங்கையைக் கைப்பற்ற முடியுமா என்பதே கேள்வி. ஆனால் அதற்குத் தேவையான துருப்புகளைத் தரத் தரைப்படைத் தலைமை இணங்கவில்லை. படையெடுப்புத் திட்டம் கைவிடப்பட்டு, கடலிலிருந்து திடீரெனத் தாக்கித் திரும்புவது என்று முடிவாயிற்று. உவரிக்கும் தூத்துக்குடிக்கும் எதிர்க்கரையில் ஜப்பானியர் கால் பதிப்பதா இல்லையா என்பது இப்படித்தான் தீர்ந்தது. பலகை ஆட்டத்தில் ஒரு நாட்டின் காய்கள் எல்லாம் ஒரே கைக்கு அடங்கும். உண்மையில் ஒரே நாட்டின் இரு படைகள்கூட ஒரே கைக்கு அடங்குவதில்லை.

மார்ச் இறுதியில் அட்மிரல் நகுமோவின் கப்பற்படை இந்தியப் பெருங்கடலில் நுழைந்தது. அதில் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் இருந்தன. பிரிட்டிஷ் அட்மிரல் சோமர்வில்லிடம் இருந்தவை மூன்றே. ஐந்து பெரிய போர்க்கப்பல்களும் இருந்தன. அவற்றுள் நான்கு பழையன. நேருக்கு நேர் மோதினால் தோல்வி உறுதி. ஆகவே பகலில் எட்ட இருந்து, இரவில் ராடார் பொருத்திய விமானங்களால் தாக்குவது என்பது அவர் உத்தி. அவரிடம் ஒரு மறைகாயும் இருந்தது. மாலத்தீவுகளின் தென்கோடியில் அட்டுப் பவளத்தீவில் பிரிட்டிஷார் அமைத்திருந்த இரகசியக் கடற்படைத் தளம் அது. ஜப்பானியருக்கு அது தெரியாது.

ஏப்ரல் 1ஆம் தேதி வாக்கில் தாக்குதல் வரும் என்று காத்திருந்தார் சோமர்வில். வரவில்லை. எரிபொருளும் நீரும் நிரப்ப அட்டுத் தீவுக்குத் திரும்பினார். அங்கே சேர்ந்த ஏப்ரல் 4 அன்றுதான், கனடா விமானப்படையின் பிர்ச்சால் ஓட்டிய கடல் விமானம் இலங்கைக்குத் தென்கிழக்கே ஜப்பானியக் கப்பல்களைக் கண்டது. செய்தி அனுப்பிய சற்று நேரத்தில் அவ்விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. காலையில் நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ‘கார்ன்வால்’, ‘டார்செட்ஷயர்’ என்னும் இரு கப்பல்கள் கடலில் மூழ்கடிக்கப்பட்டன. 400க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. ஏப்ரல் 9 அன்று திருகோணமலை தாக்கப்பட்டது. ‘ஹெர்மிஸ்’ என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அருகே மூழ்கியது. சென்னையில் அரசு அலுவலகங்கள் பல உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. மக்கள் பெருந்திரளாக நகரை விட்டு வெளியேறினர்.

சோமர்வில்லின் பெரும்படை தப்பியது எப்படி? நகுமோ அவரைத் தேடினார், ஆனால் சரியான இடத்தில் தேடவில்லை. சோமர்வில்லும் அவரைத் தேடினார், அவருக்கும் அகப்படவில்லை. எல்லாக் காய்களும் தெரியும் பலகையில் ஐந்து மூன்றை வென்றிருக்கும். தெரியாமையும் போரின் ஒரு விதி என்று ரைஸ்விட்ஸ் எண்ணியது சரியே.

நடுவர் உயிர்ப்பித்த கப்பல்

அடுத்த மாதம், மே தொடக்கத்தில், யமாட்டோவில் மறுபடியும் ஒரு போர் விளையாட்டு. இம்முறை பசிபிக் கடலில் உள்ள மிட்வே தீவைப் பிடிக்கும் திட்டம். நடந்ததைப் பிற்பாடு எழுதியவர்களில் ஒருவர், அங்கே நடுவராக இருந்த ஒகுமியா என்ற அதிகாரி. ஆட்டத்தில் தீவிலிருந்து புறப்பட்ட அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் ஜப்பானியக் கப்பல்களைத் தாக்கின. ஒகுமியா விதிப்படி பகடை உருட்டினார். ஒன்பது குண்டுகள் பட்டன. ‘அகாகி’, ‘காகா’ என்னும் இரு விமானந்தாங்கிக் கப்பல்களும் மூழ்கின. உடனே தலைமை நடுவரான அட்மிரல் உகாகி குறுக்கிட்டார். ஒன்பதை மூன்றாகக் குறைத்தார். அகாகி பிழைத்தது. காகா மட்டும் மூழ்கியதாகக் கொள்ளப்பட்டது. ஆனால் அடுத்த கட்ட ஆட்டத்தில் காகாவும் ஒன்றும் நடவாததுபோல் வந்து நின்றது!

ஜூன் 4 அன்று உண்மைப் போர். காலை பத்தரை மணிக்குள், சில நிமிட நேரத்தில், அகாகியும் காகாவும் ‘சோர்யூ’வும் தீக்கிரையாயின. மாலையில் ‘ஹிர்யூ’வும் அடிபட்டது. நான்கும் மூழ்கின. இலங்கையைத் தாக்கிய ஐந்து விமானந்தாங்கிகளில் மூன்று இரண்டே மாதத்தில் இல்லாமற்போயின.

இங்கே அவசரப்பட்டு முடிவு கட்டக்கூடாது. பகடையை மாற்றியதால்தான் ஜப்பான் தோற்றது என்பது மிகை. அமெரிக்கர் ஜப்பானியரின் சங்கேதச் செய்திகளைப் படித்துக் காத்திருந்தனர். மேலும், உண்மைப் போரில் தீவிலிருந்து வந்த குண்டுவீச்சு விமானங்களின் ஒரு குண்டுகூட ஜப்பானிய விமானந்தாங்கிகள்மீது படவில்லை. அவற்றை அழித்தவை அமெரிக்க விமானந்தாங்கிகளிலிருந்து வந்த விமானங்களே. ஆகவே ஒன்பது அதிகம் என்று உகாகி கருதியது தவறென்று சொல்ல முடியாது. தவறு வேறிடத்தில் உள்ளது. எதிரியின் விமானந்தாங்கிகள் பக்கவாட்டில் தோன்றினால் என்ன செய்வீர்கள் என்று அதே கூட்டத்தில் அவரே கேட்டார். தெளிவான விடை வரவில்லை. கப்பல் மூழ்கியது மூழ்கியபடியே இருந்திருந்தால், அந்த விடையைத் தேட வேண்டிய கட்டாயம் ஏற்பட்டிருக்கும். மூழ்கிய கப்பல் மிதந்தபோது அந்தக் கட்டாயமும் போயிற்று.

தரைமீது சாக்குக் கட்டியால்

இதே 1942இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் இன்னொரு விளையாட்டு நடந்தது. ஜெர்மானிய நீர்மூழ்கிகள் அட்லாண்டிக் கடலில் உணவுக் கப்பல்களை அழித்துவந்த காலம். காசநோயால் கடற்படையிலிருந்து விலக்கப்பட்டு மீண்டும் அழைக்கப்பட்ட கில்பர்ட் ராபர்ட்ஸ் என்ற அதிகாரி, மகளிர் கடற்படையைச் சேர்ந்த இளம்பெண்களைக் கொண்டு ஜனவரியில் ஒரு பிரிவைத் தொடங்கினார். ஓர் அறையின் தரையே கடல். கப்பல்களின் பாதை வெள்ளைச் சாக்குக் கட்டியாலும், நீர்மூழ்கியின் பாதை பச்சையாலும் வரையப்பட்டன. ஆடும் அதிகாரிகள் திரைக்குப் பின்னே நின்று துளை வழியே பார்க்க வேண்டும். பச்சைக்கோடு அவர்கள் கண்ணுக்குப் படாது.

கப்பல் கூட்டத்தின் நடுவிலுள்ள கப்பல்கள் எப்படி அடிபடுகின்றன? ஆடிப் பார்த்தபோது விடை கிடைத்தது. இரவில் நீர்மூழ்கி பின்புறமாகக் கூட்டத்திற்குள்ளேயே நுழைந்துவிடுகிறது! அதன்படி, காவற்கப்பல்கள் கூட்டத்தின் பின்புறத்தைத் துழாவும் புதிய உத்தி வகுக்கப்பட்டது. பின்னாளில் அப்பகுதிக் கடற்படைத் தலைவரான அட்மிரல் ஹார்ட்டன் இதைச் சோதிக்க வந்தார். அவரே முதல் உலகப் போரில் நீர்மூழ்கித் தலைவராகப் பெயர் பெற்றவர். நீர்மூழ்கியாக ஆடி, ஜேனட் ஓக்கல் என்ற இளம்பெண்ணிடம் ஐந்து முறை தோற்றார் என்பர். எந்த நடுவரும் அவர் பொருட்டுப் பகடையை மாற்றவில்லை. போர் முடியுமுன் சுமார் ஐயாயிரம் அதிகாரிகள் அந்தத் தரைக்கடலில் பயிற்சி பெற்றனர்.

நீங்களே ஆடிப் பாருங்கள்

ஆடுபுலிக் கட்டம் ஒன்றைக் காகிதத்தில் வரையுங்கள். எத்தனை ஆடு வெட்டினால் புலிக்கு வெற்றி என்பது ஊருக்கு ஊர் மாறும். உங்கள் விதியை முதலில் எழுதி வையுங்கள். பத்து ஆட்டம் ஆடி, புலி வென்றவை எத்தனை, ஆடு வென்றவை எத்தனை என்று குறியுங்கள். பிறகு ஒரே ஒரு விதியை மாற்றி மேலும் பத்து ஆட்டம் ஆடுங்கள். விதிக்கும் உத்திக்கும் உள்ள உறவு உங்களுக்கே விளங்கும்.

ஆட்டத்திற்கு முன் விதியை மாற்றுவது ஆராய்ச்சி. ஆட்டத்தின் நடுவே மாற்றுவது ஏமாற்று. அறிவியலிலும் இதுவே முறை. சோதனையின் முடிவு நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அளவுகோலைத் திருத்தக்கூடாது. யமாட்டோவின் மேசைமீது காகா ஒரு மரத்துண்டாக மூழ்கியபோது யாருக்கும் நட்டமில்லை. ஒரு பாடம் மட்டுமே கிடைத்திருக்கும். ஒரு மாதம் கழித்து அந்தப் பெயருடைய உண்மைக் கப்பல் தன் ஆட்களில் 800 பேருக்கு மேற்பட்டோருடன் கடலடியில் போய்ச் சேர்ந்தது.