ஒரே நாயை எல்லா நாய்களும் துரத்துவது ஏன்?

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தோட்டத்து லயத்தில் ஒரு கறுப்பு நாய் இருந்தது. கண் திறந்த சில நாள்களிலேயே அதைத் தாயிடமிருந்து எடுத்து வந்துவிட்டார்கள். வாலை வெட்டினால் வீரமாக வளரும் என்று யாரோ சொன்ன பேச்சைக் கேட்டு வாலையும் வெட்டிவிட்டார்கள். பகல் முழுவதும் சங்கிலியில் கிடக்கும். யாரையும் அது கடித்ததில்லை. குழந்தைகள் காதைப் பிடித்து இழுத்தாலும் பேசாமல் படுத்திருக்கும். ஆனால் மாலையில் அவிழ்த்துவிட்டால் போதும், மேட்டு லயத்து நாய்களெல்லாம் ஒன்றுசேர்ந்து அதன்மேல் பாயும். நாய்க்கு ஒரு நாளும் காயம் ஆறியதில்லை.

"இது ராசியில்லாத நாய்" என்றார்கள் பெரியவர்கள். கடைசியில் ஒருநாள் அதைச் சாக்கில் கட்டி, லோரியில் ஏற்றி, பட்டணத்துச் சாலையோரத்தில் விட்டுவிட்டு வந்தார்கள். கடித்த நாய்கள் லயத்திலேயே இருந்தன. கடிபட்ட நாய்தான் வெளியேற்றப்பட்டது.

அது செய்த குற்றம் என்ன? இந்தக் கேள்விக்குச் சரியான விடையை நோக்கி வர மனிதனுக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த வரலாற்றைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

இங்கிலாந்து நாட்டு அறிஞர் சார்ல்ஸ் டார்வினை நீங்கள் அறிவீர்கள். உயிரினங்கள் காலப்போக்கில் மாறி வந்தன என்று எடுத்துக் காட்டியவர் அவர். 1872ஆம் ஆண்டில் மனிதரும் விலங்குகளும் உணர்ச்சிகளை வெளிப்படுத்தும் விதத்தைப் பற்றி அவர் ஒரு நூல் வெளியிட்டார். அதில் நாயைப் பற்றி அவர் எழுதியிருப்பது, நம் வாசலில் நின்று பார்த்து எழுதியது போலவே இருக்கிறது. பகையோடு நெருங்கும் நாய் உடலை நிமிர்த்தி விறைப்பாக நடக்கும். தலை சற்றே உயரும், வால் நிமிர்ந்து நிற்கும், கழுத்து மயிரும் முதுகு மயிரும் சிலிர்க்கும், காதுகள் முன்னோக்கும், கண் இமைக்காமல் பார்க்கும். எதிரே வருபவர் தன் எசமானர்தான் என்று தெரிந்துவிட்டால், அந்த நொடியிலேயே எல்லாம் தலைகீழாக மாறும். உடல் தாழ்ந்து வளையும். வால் இறங்கி ஆடும். காதுகள் பின்னே படியும். பகைக்கு ஒரு தோற்றம், நட்புக்கு அதற்கு நேர் எதிரான தோற்றம்.

நாய்க்கு வாய்ப்பேச்சு இல்லை. ஆனால் மொழி இருக்கிறது, அது உடம்பால் பேசும் மொழி என்பதை இந்த நூல் தெளிவாகக் காட்டியது. அந்தப் பாதையிலேயே ஆராய்ச்சி நேராகச் சென்றிருந்தால் நல்லது. ஆனால் நடுவில் ஒரு பெருந்தவறு நேர்ந்தது.

ஸ்விட்சர்லாந்து நாட்டில் பாசல் நகர விலங்குக் காட்சிசாலையில் ஓநாய்களைக் கவனித்து வந்த ருடோல்ஃப் ஷெங்கெல் என்பவர், 1947இல் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். நாயின் முன்னோர் ஓநாய்கள் அல்லவா? அடைப்புக்குள் இருந்த ஓநாய்கள் தலைமைப் பதவிக்காக ஒன்றோடொன்று ஓயாமல் போட்டியிடுவதாக அவர் கண்டார். அதிலிருந்து பலர், நாய்ச் சண்டை எல்லாமே பதவிச் சண்டைதான் என்று முடிவு கட்டினார்கள். 'நாயை அடக்கி வை, இல்லாவிட்டால் அது உன்னை அடக்கும்' என்ற போதனை உலகெங்கும் பரவியது. எத்தனையோ நாய்கள் இதனால் அடி வாங்கின.

ஆனால் அடைப்புக்குள் இருந்தவை இயற்கையாக வாழ்ந்த குடும்பம் அல்ல. மனிதன் கொண்டுவந்து சேர்த்த கூட்டம். அமெரிக்க அறிஞர் டேவிட் மீச் என்பவர் கனடாவின் வடகோடியில் உள்ள எல்ஸ்மியர் தீவில், 1986 முதல் பல கோடைக்காலங்கள் தங்கி, சுதந்திரமாகத் திரியும் ஓநாய்களை அருகிருந்து பார்த்தார். அங்கே ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம்: தாய், தந்தை, அவற்றின் பிள்ளைகள். தலைமைக்காக அங்கே ஓயாத போர் இல்லை. 1970இல் தாம் எழுதிய நூலில் தாமே பழைய கருத்தைப் பரப்பியிருந்தபோதிலும், 1999இல் அவர் அதைத் திருத்தி எழுதினார். தவறு என்று தெரிந்ததும் ஒப்புக்கொள்வதுதானே அறிஞருக்கு அழகு?

சரி, பதவிப் போட்டி இல்லையென்றால் வேறு என்ன காரணம்? அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இரு அறிஞர்கள் ஐந்து இன நாய்களைப் பல ஆண்டுகள் வளர்த்து ஆராய்ந்து, 1965இல் நூலாக வெளியிட்டார்கள். அவர்கள் கண்டவை இரண்டு.

முதலாவது, பிறவிக் குணம் இனத்துக்கு இனம் வேறுபடுகிறது. ஃபாக்ஸ் டெரியர் என்ற இனத்துக் குட்டிகள் சில வாரங்களிலேயே கூட்டமாகச் சேர்ந்து, தங்களோடு பிறந்த ஒரு குட்டியின் மேலேயே பாயத் தொடங்கின. அடிபடும் குட்டியைப் பிரித்தெடுக்க வேண்டியதாயிற்று. பீகிள் இனத்துக் குட்டிகளோ ஒன்றாகவே அமைதியாக வளர்ந்தன.

இரண்டாவது, பிறவியைப் போலவே வளர்ப்பும் முக்கியம். ஏறத்தாழ மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை குட்டிக்கு ஒரு பள்ளிப் பருவம் உண்டு. யார் தன் இனம், யாரோடு எப்படிப் பழகுவது என்பதையெல்லாம் அது அப்போதுதான் கற்கிறது. விளையாட்டில் உடன்பிறந்த குட்டியை அழுத்திக் கடித்தால் அது கத்தும், விளையாட்டு நின்றுவிடும். எவ்வளவு கடித்தால் வலிக்கும், எப்போது விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதை அப்படித்தான் குட்டி அறிந்துகொள்கிறது.

இந்தப் பள்ளிக்குப் போகாத குட்டி என்ன ஆகும்? மைக்கேல் ஃபாக்ஸ் என்ற ஆராய்ச்சியாளர், சிஹுவாஹுவா என்னும் சிற்றின நாய்க்குட்டிகளைப் பூனைக்குட்டிகளோடு சேர்த்து வளர்த்துப் பார்த்து, 1969இல் அதைப் பற்றி எழுதினார். பதினாறாம் வாரத்தில் அவற்றை மற்ற நாய்க்குட்டிகளோடு விட்டபோது, அவற்றுக்கு விளையாடத் தெரியவில்லை, ஒதுங்கிச் சென்றன. பிறப்பால் நாய், பழக்கத்தால் அந்நியன்! ஆயினும் சில வாரங்கள் நாய்க்குட்டிகளோடு இருந்த பிறகு அவை மெல்ல மெல்லப் பழகிக்கொண்டன. விட்டுப்போன பாடத்தைப் பிறகும் படிக்கலாம் என்பது நமக்கு ஆறுதலான செய்தி.

பேசக் கற்றால் மட்டும் போதுமா? பேசுவதற்கு உறுப்பும் வேண்டும். ஓநாய்கள் சண்டையிலும் சமாதானத்திலும் காட்டும் பதினைந்து சைகைகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் எத்தனை எந்தெந்த நாயினத்தில் எஞ்சியுள்ளன என்று இங்கிலாந்தில் சில அறிஞர்கள் ஆராய்ந்து 1997இல் வெளியிட்டார்கள். ஓநாயைப் போன்ற தோற்றமுடைய சைபீரிய ஹஸ்கி பதினைந்தையும் காட்டியது. குட்டி முகத்தோடே இருக்கும்படி மனிதன் வளர்த்தெடுத்த கவாலியர் என்ற செல்ல நாயிடம் இரண்டு மட்டுமே காணப்பட்டன. அழகுக்காக நாம் செய்த மாற்றம், அதன் சொற்களைக் குறைத்துவிட்டது.

இனி வாலுக்கு வருவோம். வாலை வெட்டும் வழக்கம் மிகப் பழையது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ரோமாபுரி வேளாண் எழுத்தாளர் கொலுமெல்லா, நாற்பதாம் நாளில் குட்டியின் வால் நுனியை நீக்கிவிட்டால் வெறிநோய் வராது என்ற ஆயர்களின் நம்பிக்கையை எழுதி வைத்திருக்கிறார். நம்பிக்கை பொய், ஆனால் வெட்டும் வழக்கம் நிலைத்துவிட்டது. கனடாவின் விக்டோரியா நகரில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள், உண்மை நாயின் அளவில் ஓர் இயந்திர நாயைச் செய்தார்கள். ஒருமுறை நீண்ட வால், ஒருமுறை குட்டை வால் பொருத்தினார்கள். வாலைத் தூரத்திலிருந்தே ஆட்டவும் நிறுத்தவும் முடியும். நூற்றுக்கணக்கான நாய்கள் அதைச் சந்தித்தன. நீண்ட வால் ஆடியபோது நாய்கள் துணிந்து நெருங்கின. ஆடாமல் நின்றபோது தயங்கின. குட்டை வால் ஆடினாலும் நின்றாலும் பெரிய வேறுபாடு இல்லை. வெட்டிய வால் என்ன சொல்கிறது என்பது மற்ற நாய்களுக்குப் புரியவில்லை! 2008இல் வெளியான ஆராய்ச்சி இது. நார்வே நாடு 1987லேயே வால் வெட்டுவதைத் தடை செய்துவிட்டது.

நேயர்களே, இவற்றையெல்லாம் சேர்த்துப் பாருங்கள். எல்லாச் சண்டைக்கும் ஒரே காரணம் இல்லை. உணவு, பெட்டை நாய், சொந்த இடம் ஆகியவற்றுக்காகவும் நாய்கள் சண்டையிடும். ஆனால் எந்த வம்புக்கும் போகாத ஒரு நாய் திரும்பத் திரும்பக் கடிபட்டால், அது மற்ற நாய்களிடம் சரியாகப் பேச முடியாமல் தவிக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். மூட்டுவலி வந்த கிழநாயின் நடை தானாகவே விறைத்துவிடும். சங்கிலியை நாம் இறுக்கி இழுத்தால் நாயின் தலை உயரும், நெஞ்சு முன்னே தள்ளும். டார்வின் எழுதிய பகைத் தோற்றம் இதுதானே? அந்த நாயின் மனத்தில் பகை இல்லை. ஆனால் எதிரே வரும் நாய்க்கு அது எப்படித் தெரியும்?

நாம் செய்யக்கூடியவை எளிமையானவை. எட்டு வாரம் ஆகும்வரை குட்டியைத் தாயிடமும் உடன்பிறப்புகளிடமும் விட்டுவையுங்கள். அதன்பின் சாதுவான நாய்களோடு பழகவிடுங்கள். வாலையும் காதையும் வெட்டாதீர்கள். நாள் முழுவதும் கட்டிப் போடாதீர்கள். அமைதியாக இருந்த நாய் திடீரென்று சண்டைக்கு இலக்கானால், அதற்கு ஏதேனும் வலி உண்டா என்று கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நாய்கள் சண்டையிடும்போது இடையில் கையை நீட்டாதீர்கள். வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். கடிபட்டால் சோப்பும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, உடனே மருந்தகம் செல்லுங்கள். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநோய் மீண்டும் தலைகாட்டியதை மறந்துவிடக் கூடாது.

எங்கள் லயத்துக் கறுப்பு நாயை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். பழகக் கற்கும் முன்பே அதைத் தாயிடமிருந்து பிரித்தோம். பேச உதவும் வாலை வெட்டினோம். மற்ற நாய்களைக் காணும் போதெல்லாம் சங்கிலியில் நிறுத்தி வைத்தோம். பிறகு, எந்த நாய்க்கும் அதைப் பிடிக்கவில்லை என்று சொல்லி, நாமே அதைத் தெருவில் விட்டோம். ராசி கெட்டது நாய்க்கு அல்ல. அதை வளர்த்த நம் அறியாமைதான் அதற்கு ராசியில்லாமல் போயிற்று.

அடுத்த முறை உங்கள் வாசலில் ஒரு நாய் கடிபட்டு வந்து நின்றால், கம்பை எடுக்கும் முன் அதை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். அது ஏதோ சொல்ல முயன்றுகொண்டிருக்கும்.