ஹப்புவிட அரக்கும் ஒடியன் தட்டும்

மாத்தளை மாவட்டத்து ஹப்புவிட கிராமத்தில் அரக்கு வேலையின் முக்கியக் கருவி கைவினைஞரின் நகம். கரி நெருப்பில் அரக்கை இளக்கி, தட்டி, நிறம் கலந்து, மெல்லிய இழையாக இழுப்பார்கள். சூடேறிய மரத்தின்மேல் அந்த இழையை ஒட்டிக் கட்டைவிரல் நகத்தால் நறுக்குவார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு நிறங்களில் கைத்தடிகளும் ஆலவட்டக் காம்புகளும் ஏட்டுச் சுவடிகளின் மேற்பலகைகளும் அழகு பெற்றது இப்படித்தான். ஆனந்த குமாரசுவாமி இந்த வேலைமுறையை 1908இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக எழுதிவைத்தார்.

அதே 1908இல் கல்கத்தாவின் சியால்தாவில் கிராமபோன் கம்பெனி தன் இசைத்தட்டுத் தொழிற்சாலையைத் திறந்தது. அங்கேயும் உயிரான பொருள் அரக்குதான்.

இசைத்தட்டு வரலாறு எழுதுகிறவர்கள் பாடகரைப் பற்றி எழுதுகிறார்கள், முதலாளியைப் பற்றி எழுதுகிறார்கள். தட்டு எதனால் ஆனது என்ற கேள்விக்கு ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. மரக்கிளைகளில் அப்பிக்கொண்டு சாறு உறிஞ்சும் பல்லாயிரம் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசின்தான் அரக்கு. இலங்கையில் கெப்பெட்டியாச் செடியிலும் அது கிடைக்கும். ஆனால் உலகச் சந்தைக்குப் போனதில் பெரும்பங்கு சோட்டா நாக்பூர்க் காடுகளில் ஆதிவாசிகள் கிளை கிளையாகச் சுரண்டி எடுத்தது. அதைச் சுத்தம் செய்து, கல்மாவும் பஞ்சிழையும் கரித்தூளும் சேர்த்து, சூட்டில் குழைத்து அச்சில் வைத்து அழுத்தினால் நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டு தயார். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம் பாடும். கரடான அந்தக் கல்மா எஃகு ஊசியின் முனையை அரைத்துத் தேய்த்துவிடும் என்பதால் பக்கத்துக்கொரு புது ஊசி போடவேண்டும்.

இந்த வாரக் கதாநாயகன் ஒடியன். 1903இல் பெர்லினில் பிரெடெரிக் பிரெஸ்காட் தொடங்கிய இன்டர்நேஷனல் டாக்கிங் மெஷின் கம்பெனியின் முத்திரை அது. பாரிஸ் நகரத்து ஒடியன் நாடக அரங்கின் பெயரையும் வடிவையும் தட்டின் நடுவில் பதித்துக்கொண்டார்கள். அதுவரை தட்டின் ஒரு பக்கத்தில்தான் பாட்டு இருந்தது, மறுபக்கம் வெறுமை. இரண்டு பக்கமும் பாடும் தட்டை 1904இல் சந்தைக்குக் கொண்டுவந்து மற்றக் கம்பெனிகளைத் திணறடித்தது ஒடியன். அதே அளவு அரக்கில் இரண்டு பாட்டு! வாங்குகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

1906இன் இறுதியில் ஒடியன் ஒலிப்பதிவாளர்கள் இந்தியா வந்தார்கள். கல்கத்தா, காசி, லக்னோ, டில்லி, பம்பாய் என்று சுற்றிப் பதிவு செய்தார்கள். மெழுகில் பதிந்த குரல்கள் கப்பலேறி பெர்லினுக்குப் போய், தட்டுகளாகித் திரும்பின. இந்தியக் காட்டு அரக்கு ஐரோப்பாவுக்குப் போய், இந்தியக் குரலைச் சுமந்துகொண்டு வீடு திரும்பியது. லாபம் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. 1914இல் போர் வந்ததும் ஜெர்மன் கம்பெனியின் இந்திய வியாபாரம் நின்றது.

போருக்குப்பின் மீண்டும் வந்த ஒடியன் தமிழ்க் குரலாக ஊர் ஊராகப் பரவியது 1930களில். காரைக்குடியிலிருந்து சென்னைக்கு வந்த ஏ.வி. மெய்யப்பன் கூட்டாளிகளோடு தொடங்கிய சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஒடியன் தட்டுகளை விற்கும் உரிமையைப் பெற்றது. பாட்டுகளோடு முழு நாடகங்களையும் பல தட்டுகளில் பிரித்து 'செட்' ஆக விற்றார்கள். நாடகக் கொட்டகை இல்லாத ஊருக்கும் ராஜபார்ட்டின் குரல் போய்ச் சேர்ந்தது. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒடியனைக் கையில் வைத்திருந்த லிண்ட்ஸ்ட்ரோம் நிறுவனம் அதற்குள் கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனியின் பிடிக்குள் வந்திருந்தது. கொலம்பியாவும் ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸின் தாய் நிறுவனமும் 1931இல் இணைந்து இ.எம்.ஐ. ஆகின. கடையில் போட்டியிட்ட முத்திரைகள் லண்டனில் ஒரே கணக்குப் புத்தகத்தில் இருந்தன.

இரண்டாம் உலகப்போர் அரக்கின் மதிப்பை எல்லோருக்கும் உணர்த்தியது. 1942இல் அமெரிக்க அரசு இசைத்தட்டுக்குப் பயன்படும் அரக்கை 70 சதவீதம் வெட்டியது. போருக்குப்பின் மேற்கே வினைல் வந்துவிட்டது. நம் பக்கத்தில் 78 தட்டுகள் 1960களிலும் சுழன்றுகொண்டிருந்தன.

மாத்தளை, உக்குவளை, இறத்தோட்டைப் பக்கத்து வீடுகளில் அப்பா, தாத்தா காலத்துத் தட்டுகள் பரணில் கிடந்தால் தயவுசெய்து பழைய இரும்போடு போட்டுவிடாதீர்கள். கீழே விழுந்தால் உடைந்துவிடும், வெயிலில் வைத்தால் வளைந்துவிடும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் அரக்கு கரைந்து குரலும் அதோடு போய்விடும். நடுத்தாளை நனைக்காமல், ஈரத் துணியால் வரிக்கோட்டின் போக்கிலேயே மெதுவாகத் துடைத்தால் போதும்.

தட்டு விற்ற மெய்யப்பன் 1935இல் 'அல்லி அர்ஜுனா'வோடு படமெடுக்க இறங்கியதை அடுத்த வாரம் பார்ப்போம்.