நித்திரை வராததை எந்தக் கட்டத்தில் எழுதுவது? – அமெரிக்க முன்னாள் படையினரின் மேன்முறையீடுகள் சொல்லும் பாடம்

"நித்திரை வராததை இதில எங்க பிள்ளை எழுதுறது?"

வன்னியில் ஓர் அம்மாவுக்கு இழப்பீட்டு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவர் என்னிடம் கேட்டது இது. அந்தப் படிவத்தில் இறந்தவர்களுக்கு ஒரு பகுதி இருந்தது. உடைந்த வீட்டுக்கும் காயப்பட்ட உடலுக்கும் இடமிருந்தது. ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் இன்றும் உடம்பு நடுங்கி மூலையில் ஒடுங்கிவிடும் அவருடைய நிலையை எழுத மட்டும் இடம் இருக்கவில்லை. "அது இதில வராது அம்மா" என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது.

மனக் காயத்தைக் கேட்கும் படிவம் வேறெங்காவது இருக்கிறதா என்று பிறகு தேடினேன். ஐக்கிய அமெரிக்காவில் இருக்கிறது. ஆனால் அது அந்நாட்டின் முன்னாள் படையினருக்கானது. வியட்நாமிலும் ஈராக்கிலும் அவர்களுடைய போருக்குள் அகப்பட்ட பொதுமக்களுக்கு அதில் இடமில்லை. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு அதை வாசிக்க முடியாது. இருந்தாலும், கண்ணுக்குத் தெரியாத காயத்தை ஓர் அரசு எப்படி ஏற்றுக்கொள்கிறது, மறுத்தால் பாதிக்கப்பட்டவர் என்ன செய்யலாம் என்பது நாங்களும் அறிந்திருக்க வேண்டிய விடயம்.

பெயர் கிடைக்கவே வருடங்கள்

வியட்நாம் போர் 1975இல் முடிந்தது. போரின் மனவடுவுக்கு பி.ரி.எஸ்.டி. என்ற பெயரை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தனது கையேட்டில் சேர்த்தது 1980இல். முன்னாள் படையினரும் அவர்களுடன் நின்ற வைத்தியர்களும் வற்புறுத்தியதால் கிடைத்த பெயர் அது. அதன் பின்னரும், முன்னாள் படையினர் விவகாரத் திணைக்களம் ஒரு கோரிக்கையை மறுத்தால் நீதிமன்றம் போவதற்குப் பொதுவாக வழி இருக்கவில்லை. 1988இல் வந்த சட்டமே அதற்கெனத் தனியான ஒரு மேன்முறையீட்டு நீதிமன்றத்தை உருவாக்கியது.

எதை நிரூபிக்க வேண்டும்?

விண்ணப்பிப்பவர் பொதுவாக மூன்று விடயங்களைக் காட்ட வேண்டும். இப்போது நோய் இருக்கிறது என்ற வைத்திய நிர்ணயம் ஒன்று. சேவைக்காலத்தில் நடந்த சம்பவம் இரண்டாவது. இரண்டுக்கும் இடையிலான தொடர்பு மூன்றாவது. ஏற்றுக்கொள்ளப்பட்டால், வேலை செய்வதிலும் மற்றவர்களுடன் பழகுவதிலும் ஏற்பட்ட பாதிப்பைப் பார்த்து 0, 10, 30, 50, 70, 100 என்ற வீதங்களில் ஒன்று வழங்கப்படும். மாதாந்தக் கொடுப்பனவு அந்த வீதத்தைப் பொறுத்தது.

பலர் தடுக்கி விழுந்த இடம் இரண்டாவது விடயம். ஷெல் விழுந்த இரவுக்கு யார் கடதாசி எழுதி வைப்பார்கள்? நேரடிச் சண்டையில் நின்றவர்களின் வாக்குமூலத்துக்குச் சட்டம் முன்பே இடம் கொடுத்திருந்தது. அப்படி நின்றதைக் காட்ட முடியாதவர்கள் பதிவேடுகளைத் தேடி அலைந்தார்கள். 2010இல் விதி தளர்த்தப்பட்டது. எதிரியின் தாக்குதலுக்கு அஞ்சி வாழ்ந்ததே காரணம் என்றால், அவர் சொல்வது அவர் சேவை செய்த இடத்துக்கும் சூழலுக்கும் பொருந்த வேண்டும். அந்தச் சம்பவம் இந்த நோய்க்குப் போதுமானது என்று திணைக்களத்தின் மனநல வைத்தியரோ உளவியலாளரோ உறுதிப்படுத்த வேண்டும். மறுதலிக்கும் தெளிவான சான்று இல்லாவிட்டால், சம்பவம் நடந்ததற்கு அவருடைய சொல்லே போதும்.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது ஒரு விதி. ஆதரவான சான்றும் எதிரான சான்றும் ஏறத்தாழச் சமமாக இருந்தால், சந்தேகத்தின் பலன் விண்ணப்பித்தவருக்கே.

மறுக்கப்பட்டால் மூன்று வழிகள்

2017இல் நிறைவேறிய சீர்திருத்தச் சட்டம் 2019 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. மறுப்புக் கடிதம் வந்தால் இப்போது மூன்று வழிகள் உண்டு.

ஒன்று, புதிய, பொருத்தமான சான்றுடன் துணைக் கோரிக்கை போடுவது. வைத்தியரின் கடிதம் மட்டுமல்ல, மனைவி, சகோதரர், கூட வேலை செய்தவர் எழுதும் கடிதமும் சான்றுதான்.

இரண்டு, மூத்த அதிகாரி ஒருவர் அதே கோவையை மீளப் பார்ப்பது. இங்கே புதிய சான்று சேர்க்க முடியாது. பிழையைச் சுட்டிக்காட்டலாம்.

மூன்று, மேன்முறையீட்டுச் சபையின் நீதிபதியிடம் போவது. இருக்கும் கோவையை வைத்தே தீர்ப்புக் கேட்கலாம், புதிய சான்று கொடுக்கலாம், அல்லது நேரில் பேசக் கேட்கலாம்.

இதற்கெல்லாம் பொதுவாக ஒரு வருட அவகாசம் உண்டு. அது கடந்தாலும் புதிய சான்றுடன் மீண்டும் கேட்கலாம், ஆனால் முதல் விண்ணப்பத் திகதியிலிருந்து வரவேண்டிய நிலுவை பெரும்பாலும் கைவிட்டுப் போய்விடும். சபையும் மறுத்தால் 120 நாட்களுக்குள் நீதிமன்றம் போகலாம்.

மறுப்புக் கடிதத்தில் எந்தச் சான்று பார்க்கப்பட்டது, எது குறைகிறது, எது சாதகமாக ஏற்கப்பட்டது என்று எழுதியே ஆக வேண்டும். சாதகமாக ஏற்கப்பட்ட விடயத்தை, வெளிப்படையான பிழை இருந்தாலன்றி, அடுத்த அதிகாரி மாற்ற முடியாது. பட்ட கதையை ஒவ்வொரு மேசையிலும் முதலில் இருந்து சொல்லித் துடிக்க வேண்டியதில்லை என்பதால் இது சிறிய விடயமல்ல.

நோயே பறித்த உரிமை

மனவடுவால் குடித்தவர்கள், சண்டை பிடித்தவர்கள், முகாமைவிட்டு ஓடியவர்கள் பலர் ஒழுங்கீனத்துக்காக விலக்கப்பட்டார்கள். அப்படி விலக்கப்பட்டால் கொடுப்பனவுக்கான தகுதியே போய்விடலாம். நோயின் அறிகுறியே நோய்க்கான உதவியைத் தடுத்தது. 2014இல் பாதுகாப்புச் செயலாளராக இருந்த சக் ஹேகல், இப்படியானவர்களின் முறைப்பாடுகளைத் தாராளமாகக் கருத்தில் எடுக்கும்படி படைத்தரப்பின் பதிவுத் திருத்தச் சபைகளுக்குப் பணித்தார். வியட்நாம் போர் முடிந்து 39 வருடங்களுக்குப் பிறகு.

எங்கள் பக்கம்

இலங்கையில் 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க இழப்பீட்டு அலுவலகச் சட்டம் தனிநபர் இழப்பீடுகளுக்குள் உளசமூக ஆதரவையும் சேர்த்திருக்கிறது. சொல் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் சந்தேகம் வந்தால் பலன் யாருக்கு, மறுத்தால் காரணத்தை எழுதித் தர வேண்டுமா, அந்தக் காரணத்தை யாரிடம் கொண்டுபோவது என்ற கேள்விகளுக்கும் விடை இருந்தால்தான் அந்தச் சொல் உரிமையாகும். ஆதரவு என்பது கொடுப்பவர் விருப்பம். உரிமை என்றால் மறுப்பவர் காரணம் சொல்ல வேண்டும். இழப்பீடு பற்றிப் பேசும் எங்கள் அமைப்புகளும் பிரதிநிதிகளும் தொகையோடு சேர்த்து இந்த விதிகளையும் கேட்க வேண்டும்.

அதுவரை எங்களால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கிளினிக் கொப்பியை எறியாமல் வையுங்கள். எப்போது தொடங்கியது, எதனால், வேலையையும் வீட்டையும் எப்படிப் பாதிக்கிறது என்று திகதியோடு எழுதுங்கள். பக்கத்தில் இருந்து பார்த்தவர்களையும் எழுதச் சொல்லுங்கள்.

அந்த அம்மாவிடம் நான் திரும்பப் போனேன். வெள்ளைத் தாள் ஒன்றில் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். மகள் ஒரு பக்கம் எழுதினாள். பக்கத்து வீட்டு அக்கா அரைப் பக்கம் எழுதிக் கையெழுத்து வைத்தா. கிளினிக் கொப்பியின் பிரதியோடு சேர்த்து, படிவத்தின் பின்னால் குத்திக் கொடுத்தோம். பதில் இன்னும் வரவில்லை.